ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள்

ஆறு சிலிண்டர்களையும் ஒரே நேர்வரிசையில் நிறுத்தும் எஞ்சின், 1903-இல் நெதர்லாந்தின் ஸ்பைக்கர் நிறுவனம் உருவாக்கிய பந்தயக் காரில் இடம்பெற்று, அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் நேப்பியர் நிறுவனத்தால் சந்தைக்கும் வந்தது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு இவற்றில் நீண்டு மெலிந்திருந்ததால், சில வேகங்களில் அது முறுக்கிக்கொண்டு அதிர்ந்தது. ஹென்றி ராய்ஸ் 1906-இன் சில்வர் கோஸ்ட் காரில் தண்டைத் தடிப்பாக்கி ஏழு பேரிங்குகளில் தாங்கச் செய்தார். பிரெடரிக் லாஞ்செஸ்டரோ 1910 வாக்கில், அந்த முறுக்கதிர்வை உராய்வால் தணிக்கும் தனிக் கருவியையே வடிவமைத்தார்.

அக்குறை நீங்கியதும் இந்த அமைப்பின் இயல்பான சமநிலை முழுமையாக வெளிப்பட்டது. முதல் பிஸ்டனும் ஆறாவதும், இரண்டாவதும் ஐந்தாவதும், மூன்றாவதும் நான்காவதும் எப்போதும் சேர்ந்தே ஏறி இறங்குவதாலும், இம்மூன்று இணைகளும் ஒன்றுக்கொன்று 120 பாகை விலகி நிற்பதாலும், அவற்றின் விசைகள் தமக்குள்ளேயே அழிந்துபோகின்றன. பிஸ்டன் தன் ஓட்டத்தின் மேற்பாதியைக் கீழ்ப்பாதியைவிட விரைவாகக் கடப்பதால் நான்கு சிலிண்டர் எஞ்சினில் எழும் நடுக்கமும் இங்கு எழுவதில்லை. வி வடிவ ஆறு சிலிண்டர் எஞ்சினிலோ, பக்கத்துக்கு மூன்றாக நிற்கும் சிலிண்டர்கள் எஞ்சினை முன்னும் பின்னுமாக ஆட்ட முயல்கின்றன; 90 பாகைக் கோணத்தில் அமைந்தவற்றில் அந்த ஆட்டத்தை அடக்கப் பெரும்பாலும் தனியே ஒரு சமன்தண்டு சுழலவேண்டியிருக்கிறது. சிலிண்டர் தலைகளும் இரண்டு, புகைபோக்கு வழிகளும் இரண்டு எனப் பாகங்கள் பெருகுகின்றன.

இருந்தும், 1950-இல் லான்சியா அவுரேலியா காரில் தொடர் உற்பத்திக்கு வந்த வி-ஆறு பின்னர் பரவியதற்குக் காரணம் இடநெருக்கடியே. முன்சக்கரங்களை இயக்கும் கார்களில் எஞ்சின் குறுக்காகக் கிடக்கவேண்டியிருந்ததும், மோதலின்போது நசுங்கிக்கொடுக்க முன்பகுதியில் இடம் விடவேண்டியிருந்ததும் குட்டையான எஞ்சினுக்கே சாதகமாயின. 1990-களின் இறுதியில் மெர்சிடிஸ் பென்சும் தன் பெட்ரோல் கார்களில் நேர்வரிசையைக் கைவிட்டது. ஓட்டத்தின் மென்மையைப் பொறுத்தவரை அது இழப்பே.

எனினும், 2017-இல் அந்நிறுவனமே நேர்வரிசைக்குத் திரும்பியது. புகை ஒரே பக்கமாக வெளியேறுவதால் டர்போவையும் புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கியையும் எஞ்சினை ஒட்டியே வைத்து விரைவில் சூடேற்ற முடிந்தது. துணைக்கருவிகள் மின்சாரத்தில் இயங்கியதால் அவற்றைச் சுழற்றிவந்த முன்புறப் பட்டை நீங்கி, எஞ்சினின் நீளமும் குறைந்தது. 2019-இல் லேண்ட் ரோவரும் 2022-இல் மாஸ்டாவும் அதே வழியில் வந்தன. பி.எம்.டபிள்யூ மட்டும் 1968 முதல் நேர்வரிசையை ஒருபோதும் கைவிடவில்லை.