ஒற்றைப்பலகைக் கணினியின் மின்வழங்கல் கோளாறுகள்: ஒரு வரலாறு

ஒற்றைப்பலகைக் கணினி என்பது செயலி, நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டு வாயில்கள் ஆகிய அனைத்தும் ஒரே மின்சுற்றுப் பலகையில் அமைந்த கணினி. பெரும்பாலும் அதனுடன் மின்வழங்கி வருவதில்லை. அதை வாங்குபவரே தேடிக்கொள்ள வேண்டும். பலகை பழுது என்று கருதி மேசை இழுப்பறையில் போடப்பட்ட பல கணினிகளில் உண்மையான பழுது அடாப்டரிலோ அதன் கம்பியிலோதான் இருந்தது.

தொடக்கம்

1976-இல் எம்ஓஎஸ் டெக்னாலஜி நிறுவனம் 245 டாலர் விலையில் வெளியிட்ட கிம்-1 பலகை மின்வழங்கி இல்லாமலே விற்கப்பட்டது. அது இயங்க 5 வோல்ட் தேவை. நிரலை ஒலிநாடாவில் பதிய 12 வோல்ட்டும் வேண்டும். இன்டெலின் 8080 செயலிக்கு +5, −5, +12 என மூன்று மின்னழுத்தங்கள் தேவைப்பட்டன. அடுத்து வந்த 8085 ஒரே 5 வோல்ட்டில் இயங்கியது. பெயரின் இறுதியிலுள்ள 5 அதையே குறிக்கிறது. தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் பல தலைமுறை மாணவர்கள் 8085 பயிற்சிப் பலகைகளில் நிரல் எழுதினர். ஆனால் அங்கே மின்வழங்கி ஆய்வகத்தின் பொறுப்பு. மாணவர் அதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

2012: பலகையும் மின்வெட்டும்

ராஸ்பெரி பை 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. கைபேசி மின்னேற்றியில் இயங்கும் என்பது அதன் கவர்ச்சிகளுள் ஒன்று. தமிழ்நாட்டில் அது கடும் மின்பற்றாக்குறை நிலவிய ஆண்டு. சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாத ஊர்கள் இருந்தன. கடலூர் மாவட்டத்துக்கு அதற்கு முன்பே ஓர் அடி விழுந்திருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் மின்கம்பங்களைச் சாய்த்துச் சென்றிருந்தது. ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் பகுதிக்கு அருகில்தான் நெய்வேலி இருக்கிறது. அங்கே 1962-இல் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அருகில் இருப்பதால் வீட்டில் விளக்கு அணையாமல் இருந்துவிடவில்லை.

இந்தச் சூழலில் பலகை தானாக மறுதொடக்கம் செய்தால் பழி ஊர் மின்சாரத்தின்மேல் விழுவது இயல்பு. மின்பாதையின் கடைக்கோடி ஊர்களில் மாலையில் மின்விசிறி மெதுவாகச் சுழல்வதை அனைவரும் அறிவர். ஆனால் பெரும்பாலான அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை எதை வாங்கினாலும் 5 வோல்ட்டையே வெளியே தரும்படி அமைந்தவை. வீட்டில் 180 வோல்ட் வந்தாலும் பலகைக்கு அது தெரியாது.

கம்பியின் கணக்கு

அதற்குத் தெரிவது கம்பியின் தடை. மலிவான கைபேசிக் கம்பிகளில் 28 ஏடபிள்யூஜி அளவிலான மெல்லிய செம்புக் கம்பி இருப்பதுண்டு. அதன் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். ஒரு மீட்டர் நீளக் கம்பியில் போகவும் வரவும் சேர்த்து 0.42 ஓம். முதல் பையின் மாடல் பி கேட்ட 0.7 ஆம்பியர் அதில் பாயும்போது 0.3 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். அடாப்டர் சரியாக 5 வோல்ட் தந்தாலும் பலகைக்கு 4.7 வோல்ட்தான் சேரும். யூஎஸ்பி முறையில் ஏற்கத்தக்க கீழெல்லையாகக் கொள்ளப்பட்டது 4.75 வோல்ட்.

இதனால்தான் அடாப்டரின் முனையில் மட்டும் அளந்து பார்த்தவர்கள் ஏமாந்தனர். சுமை இல்லாதபோது கம்பியில் இழப்பும் இல்லை. முதல் பலகையிலேயே டிபி1, டிபி2 என்ற இரு சோதனைப் புள்ளிகள் இருந்தன. பலகை வேலை செய்துகொண்டிருக்கும்போது மல்டிமீட்டரை அவற்றில் வைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. தொடக்கப் பலகைகளில் ஒவ்வொரு யூஎஸ்பி வாயிலுக்கும் 140 மில்லியாம்பியர் பாலிஃபியூஸ் வைக்கப்பட்டது. வீட்டு மின்பலகையில் உள்ள பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினால் உள்ளே கம்பி எரிந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். பாலிஃபியூஸ் அப்படி அறுந்துபோவதில்லை. சூடேறித் தடையைக் கூட்டிக்கொள்ளும். ஆறினால் மெல்ல மீளும். விசைப்பலகை ஒருமுறை வேலை செய்து மறுமுறை செய்யாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். அதே ஆண்டில் வந்த இரண்டாம் திருத்தப் பலகையில் இந்த ஃபியூஸ்கள் நீக்கப்பட்டன.

பலகை பேசத் தொடங்கியது

2014 ஜூலையில் வந்த பி பிளஸ் மாடலில் மின்னழுத்தத்தைக் கண்காணிக்கும் சில்லு சேர்ந்தது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே சென்றால் பலகையின் சிவப்பு விளக்கு அணையும். பின்னர் திரையின் மூலையில் மின்னல் சின்னமும் தோன்றியது. 'கெட் த்ராட்டில்டு' என்னும் கட்டளை, தொடங்கியதிலிருந்து ஒருமுறையாவது மின்னழுத்தம் குறைந்ததா என்பதையும் சொல்லும். விடை சுழி என்றால் குறையவில்லை. பதினாறடிமான எண் 50005 வந்தால் இப்போதும் குறைந்திருக்கிறது, முன்பும் குறைந்திருந்தது, செயலியின் வேகமும் மட்டுப்படுத்தப்பட்டது என்று பொருள். இந்த வரலாற்றில் மிகப் பயனுள்ள மாற்றம் இதுவே என்று தோன்றுகிறது. கோளாறு சில நொடிகளே நீடித்தாலும் அதன் தடயம் நிற்கிறது.

மின்வெட்டு வேறு வகைக் கோளாறு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் எஸ்டி அட்டையின் கோப்புமுறை சிதையும். மாதக்கணக்கில் சேர்த்த அளவீடுகள் போய்விடும். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு, உள்ளே மின்கலம் இருந்ததால். பலகைக்கு அது இல்லை. தடித்த கம்பி வாங்கினாலும் மின்வெட்டு தீராது. இன்வெர்ட்டர் வைத்தாலும் மெல்லிய கம்பியின் இழப்பு தீராது. இரண்டையும் குழப்பிக்கொண்டு செலவு செய்தவர்கள் உண்டு.

வடிவமைப்பாளரின் பிழை

எல்லாம் பயனரின் தவறும் அல்ல. 2019 ஜூனில் வந்த ராஸ்பெரி பை 4-இன் யூஎஸ்பி-சி வாயிலில் இரண்டு சிசி முனைகளுக்கும் தனித்தனியே 5.1 கிலோஓம் தடை இருந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒன்றே வைக்கப்பட்டது. உள்ளே அடையாளச் சில்லு கொண்ட விலையுயர்ந்த கம்பிகளில் இணைத்தபோது மின்னேற்றி இந்தப் பலகையை ஒலிக்கருவி என்று எண்ணி மின்சாரம் தர மறுத்தது. மலிவான கம்பியில் அதே பலகை இயங்கியது. நல்ல கம்பி வாங்குங்கள் என்று ஏழு ஆண்டுகள் கேட்டுவந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருந்திருக்கும். எபன் அப்டன் பிழையை ஒப்புக்கொண்டார். அடுத்த திருத்தப் பலகையில் அது சரிசெய்யப்பட்டது.

2023-இல் வந்த ராஸ்பெரி பை 5-க்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் மின்வழங்கி பரிந்துரைக்கப்படுகிறது. வழக்கமான யூஎஸ்பி-சி மின்னேற்றிகள் 5 வோல்ட்டில் 3 ஆம்பியருக்கு மேல் தருவதில்லை. கூடுதல் ஆற்றலை 9, 15, 20 வோல்ட்டில்தான் தருகின்றன. ஆகவே 65 வாட் மடிக்கணினி மின்னேற்றியைச் செருகினாலும் பலகைக்குக் கிடைப்பது 15 வாட். அப்போது யூஎஸ்பி சாதனங்களுக்கான மின்னோட்டம் 1.6 ஆம்பியரிலிருந்து 0.6 ஆம்பியராகக் குறைக்கப்படும். அதற்கான எச்சரிக்கை திரையில் தோன்றும்.