அரட்டை அறையின் சாவி யார் கையில்?

கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. ஒருவர் துர்காபூரில், ஒருவர் சென்னையில், இன்னொருவர் ஜெர்மனியில். இவர்கள் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எப்படி இழந்தார்கள் என்பதற்கு முப்பது வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

"பி.காம் படிக்கிறவனுக்கு இது எதற்கு?" என்று வகுப்புத் தோழர்கள் கேட்கலாம். கடை யாருடையது, ஒப்பந்தம் யார் பெயரில், கணக்குப் புத்தகம் யாரிடம் என்பதுதான் இந்தக் கதை. அதாவது நம்ம பாடம்தான் :-)

எழுத்து மட்டுமே இருந்த அறை

1988-ல் ஃபின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினென் என்பவர் ஐ.ஆர்.சி. என்ற அரட்டை முறையை உருவாக்கினார். படம் கிடையாது, குரல் கிடையாது, வெறும் எழுத்து. மிக மெதுவான இணைப்பிலும் ஓடும். லினக்ஸ் ஆர்வலர்கள் இதில்தான் கூடினார்கள். அவர்களுக்காக ராப் லெவின் தொடங்கிய வலையமைப்பு 2002-ல் ஃப்ரீநோட் என்று பெயர் மாறியது. பிறகு உபுண்டு, விக்கிமீடியா, ஃபெடோரா என்று பலரும் அங்கே அறை வைத்திருந்தார்கள்.

நம் நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் மேற்கு வங்கத்தின் துர்காபூர் லினக்ஸ் பயனர் குழு. 2008 முதல் அவர்கள் கோடைப் பயிற்சியையே ஐ.ஆர்.சி.யில் நடத்தினார்கள். ஆசிரியர் தட்டச்சு செய்வார், மாணவர்கள் படிப்பார்கள். சந்தேகம் இருந்தால் கையைத் தூக்குவது போல ஓர் ஆச்சரியக்குறி போட வேண்டும். முறை வந்ததும் கேட்கலாம். வகுப்பு முடிந்ததும் முழு உரையாடலும் சேமிக்கப்பட்டு எல்லோருக்கும் கிடைக்கும். வீடியோ வகுப்புக்கு இணைய வேகம் போதாத சிறிய ஊர் மாணவனும் அங்கே சம ஆள்தான்.

ஆனால் குறைகளும் உண்டு. இணைப்பு அறுந்தால், அந்த நேரத்தில் மற்றவர்கள் பேசியது உங்களுக்கு வராது. செல்பேசியில் உள்ளே வருகிறவனுக்கு இது பெரிய தலைவலி. தமிழுக்குத் தனியாக ஒரு சங்கடமும் இருந்தது. ஐ.ஆர்.சி.யில் ஒரு செய்தி 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ் யூனிகோடில், யு.டி.எஃப்-8 முறையில், ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். "தமிழ்" என்ற சொல்லில் புள்ளியும் கொக்கியும் சேர்த்து 5 குறியீடுகள், ஆக 15 பைட். நமக்குக் கிடைத்த இடம் ஆங்கிலக்காரருக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குதான்!

வசதியான வாடகை வீடு

2010-களில் ஸ்லாக், டிஸ்கார்ட் போன்றவை வந்தன. பழைய பேச்சைத் தேடலாம், படம் அனுப்பலாம், செல்பேசியில் அழகாக ஓடும். பல குழுக்கள் குடியேறின. ஆனால் வீட்டுக்காரர் விதியை மாற்றினால் குடியிருப்பவர் என்ன செய்வது? ஐ.ஆர்.சி. வழியாகவும் உள்ளே வரலாம் என்றிருந்த கதவை ஸ்லாக் 2018 மே மாதம் மூடியது. 2022 செப்டம்பரில் இலவசக் கணக்குக்குக் கடைசி 90 நாள் பேச்சு மட்டுமே தெரியும் என்று ஆக்கியது. வியாபாரமாகப் பார்த்தால் அதில் தப்பு இல்லை. ஆனால் ஒரு குழுவின் நான்கு வருட நினைவு திடீரென்று பூட்டிய அலமாரிக்குள் போய்விடுகிறது.

மொசில்லா கொஞ்சம் நிதானமாக யோசித்தது. சொந்தமாக நடத்தி வந்த ஐ.ஆர்.சி.யை நிறுத்துவதாக 2019-ல் அறிவித்தது. தொல்லை கொடுப்பவர்களைத் தடுக்க முடியவில்லை, புதியவர்களுக்கு உள்ளே வரவே கஷ்டமாக இருக்கிறது என்பது காரணம். மேட்டர்மோஸ்ட், ராக்கெட்.சாட், ஸ்லாக், மேட்ரிக்ஸ் ஆகிய நான்கையும் சோதித்துப் பார்த்தார்கள். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்பதைக் கட்டாய நிபந்தனையாக வைத்தார்கள். கடைசியில் மேட்ரிக்ஸ் தேர்வாகி, 2020 மார்ச்சில் பழைய வழங்கி அணைக்கப்பட்டது.

2021: சாவி கைமாறிய கதை

இலவசச் சேவைக்குப் போகாமல் தன்னார்வலர்கள் நடத்தும் ஃப்ரீநோட்டிலேயே இருந்தால் பாதுகாப்பு என்று பலர் நம்பினார்கள். ஆனால் ஃப்ரீநோட் லிமிடெட் என்ற நிறுவனம் 2017-ல் தொழிலதிபர் ஆண்ட்ரூ லீயிடம் கைமாறியிருந்தது. வலையமைப்பும் தன்னுடையதே என்றார் அவர். வேலை செய்வதும் வழங்கிகளைப் பராமரிப்பதும் நாங்களே என்றார்கள் தன்னார்வலர்கள். 2021 மே 19 அன்று அவர்கள் கூட்டமாக விலகி லிபெரா.சாட் தொடங்கினார்கள். ஒரு வாரத்தில், புது முகவரியை அறிவித்திருந்த நூற்றுக்கணக்கான அறைகளை ஃப்ரீநோட் நிர்வாகம் தன் வசம் எடுத்தது. ஜூன் மாதம் பழைய பதிவுக் கணக்குகளே இல்லாமல் புது மென்பொருளுக்கு மாறியது. உபுண்டு, ஃபெடோரா, விக்கிமீடியா எல்லாம் லிபெராவுக்குப் போயின. துர்காபூர் குழுவும் போனது.

இந்தப் புயலில் நனையாத ஒரு கூட்டம் டெபியன். 2006 ஜூனிலேயே ஃப்ரீநோட்டை விட்டு ஓ.எஃப்.டி.சி. என்ற வலையமைப்புக்குப் போய்விட்டது. அந்த மாற்றத்தைச் சுலபமாக்கியது டெபியனின் சொந்த முகவரிதான். டெபியன் பெயரிலேயே இருந்த அரட்டை முகவரியை வேறு வழங்கிக்குத் திருப்பினார்கள், அவ்வளவுதான். பெயர்ப்பலகை சொந்தமாக இருந்தால் கடையை எந்தத் தெருவுக்கும் மாற்றலாம். வாடிக்கையாளர் தேடி வந்துவிடுவார்.

2023: அரசு போட்ட பூட்டு

மேட்ரிக்ஸ் முறையில் ஒரே உரிமையாளர் கிடையாது. மின்னஞ்சல் போல யார் வேண்டுமானாலும் வழங்கி நடத்தலாம், வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ளும். இந்தியக் கட்டற்ற மென்பொருள் குழுவினரும் பொடரி என்ற பெயரில் அப்படி ஒன்றை நடத்தினார்கள். 2023 மே மாதம் மத்திய அரசு 14 செயலிகளைத் தடை செய்தது. காஷ்மீரில் தீவிரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். வளைகுடாவில் ஆள் இருக்கும் நம் கோட்டைப்பட்டினத்துக்காரர்களுக்குத் தெரிந்த ஐமோ அந்தப் பட்டியலில் இருந்தது. மேட்ரிக்ஸுக்குப் பெரும்பாலோர் பயன்படுத்திய எலிமென்ட்டும் இருந்தது. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் இதை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றம் போனார்கள்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஐமோ போனால் ஐமோவில் இருந்த எல்லாமும் போச்சு. எலிமென்ட் போனாலும் வேறொரு மேட்ரிக்ஸ் செயலியை நிறுவி அதே அறைக்குள், அதே பெயரில் நுழைய வழி இருந்தது.

அதற்காக எல்லோரும் உடனே மேட்ரிக்ஸுக்கு ஓடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆள் இல்லாத அறை எவ்வளவு சுதந்திரமாக இருந்து என்ன பயன்? நம் வீட்டில் எல்லோரும் வாட்ஸ்அப்பில் இருப்பது சித்தப்பாவும் மாமாவும் அங்கே இருப்பதால்தானே? வழங்கி நடத்தவும் காசு வேண்டும், பொறுமையான ஆள் வேண்டும்.

ஆனாலும் கல்லூரி மென்பொருள் மன்றம் தொடங்கும் நண்பர்களுக்கு இந்த வரலாறு மூன்று கேள்விகளைத் தருகிறது. முகவரி நம் பெயரில் இருக்கிறதா? பேசியதை எல்லாம் பிரதி எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா? பழைய செல்பேசியும் குறைந்த டேட்டாவும் வைத்திருக்கும் கடைசி பெஞ்சு மாணவனும் உள்ளே வர முடியுமா? கூட்டம் சேருவதற்கு முன்பே இவற்றைக் கேட்டுவிடுவது நல்லது. சேர்ந்த பிறகு இடம் மாறினால், பாதிப் பேர் வழியிலேயே தொலைந்துபோவார்கள்.