செய்தியால் செழித்த காப்பிக் கடை

விருந்தோம்பும் தொழிலுக்குப் பண்டத்தின் சுவை மட்டும் போதுமா? வரலாறு போதித்தவன் என்ற முறையில் நான் லண்டன் மாநகரின் எட்வர்டு லாயிடைச் சான்றாகக் காட்டுவேன்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரில் காப்பிக் கடைகள் மலிந்திருந்தன. லாயிடோ காப்பியோடு கப்பற் செய்தியும் திரட்டித் தந்தார். எக்கப்பல் கரை சேர்ந்தது, எது மூழ்கியது என்றறிய வணிகரும் மாலுமிகளும் காப்பீடு செய்வோரும் அவர் கடையையே நாடினர். 1691-இல் கடை வணிகர் மிகுந்த லொம்பார்டு வீதிக்கு மாறிற்று.

1696-இல் செய்தித்தாளொன்றும் தொடங்கினார். பிரபுக்கள் சபையைப் பற்றிப் பிழையான செய்தி அதில் வெளிவந்தது. 1697-இல் தாள் நின்றது. கப்பற் செய்தியை நம்பியோர் வந்துகொண்டே இருந்ததால் கடை நிலைத்தது. 1713-இல் அவர் மறைந்தார். அவர் பெயர் இன்றும் லண்டன் காப்பீட்டுச் சந்தையின் பெயராக விளங்குகிறது.

மாணவர்களே, செய்தியைத் திரட்டுதல் முயற்சி. அதன் மெய்ம்மையை ஆராய்தலே அறிவு.