முதலாம் ஸ்விக்கி 18

முதலாம் ஸ்விக்கி 18 என்பது, சப்தரிஷி மண்டலத்தைத் தன்னுள் கொண்ட பெருங்கரடி விண்மீன் குழுவின் திசையில், ஏறத்தாழ 5.9 கோடி ஒளியாண்டுத் தொலைவில் அமைந்துள்ள நீல நிறக் குறு விண்மீன் மண்டலம் ஆகும். நமது பால்வெளி மண்டலம் ஒரு லட்சம் ஒளியாண்டு அளவில் விரிந்திருக்க, இதன் ஒளிமிகுந்த பகுதி சில ஆயிரம் ஒளியாண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. இதில் விண்மீன்கள் குறுகிய காலத்தில் பெருமளவில் பிறந்து வருகின்றன. அவ்வாறு பிறப்பவற்றுள் நிறைமிக்கவை மிகுந்த வெப்பத்தால் நீலமாக ஒளிர்வதாலும், அவை சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் வாழாததாலும், ஒரு மண்டலத்தின் நீல நிறம் அண்மையில் நிகழ்ந்த விண்மீன் பிறப்பின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது.

இவ்வகை மண்டலங்களைத் தேடும் முயற்சி முன்பே தொடங்கியிருந்தது. மெக்சிக்கோவின் கியெர்மோ ஆரோ 1956இல் நீல மண்டலங்கள் 44 அடங்கிய பட்டியலை வெளியிட்டார்; அடுத்த பத்தாண்டில் ஆர்மீனியாவின் பியுராக்கான் வானாய்வகத்தில் மார்க்கரியான் புற ஊதா ஒளி மிகுந்த மண்டலங்களைத் தொகுக்கத் தொடங்கினார். அமெரிக்காவின் பலோமர் வானாய்வகத்தில் பணியாற்றிய சுவிட்சர்லாந்து நாட்டவரான ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, ஒளிப்படத் தகடுகளில் விண்மீன்களைப் போலவே புள்ளிகளாகத் தோன்றிய செறிவான மண்டலங்களைத் தேடிப் பல பட்டியல்களில் தொகுத்தார். அவற்றுள் முதற்பட்டியலின் 18ஆம் பதிவே இம்மண்டலத்துக்குப் பெயராயிற்று. 1966இல் அவர் இதனை அருகருகே அமைந்த இரு செறிவான மண்டலங்களின் இணை என விவரித்தார்; அவ்விரண்டும் ஒரே மண்டலத்தின் இரு விண்மீன் பிறப்பிடங்கள் என்பதே இன்றைய முடிவு. பட்டியல்கள் யாவும் 1971இல் அவரே வெளியிட்ட நூலில் இடம்பெற்றன. சக வானியலாளர்களை அதன் முன்னுரையில் அவர் கடுமையாகச் சாடியிருந்ததால், உள்ளடக்கத்துக்கு இணையாக முன்னுரையும் பேசப்பட்டது.

இம்மண்டலத்தின் உண்மையான சிறப்பு 1970களின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. லெனார்ட் சியர்ல், வாலஸ் சார்ஜென்ட் ஆகிய இருவரும் இதன் நிறமாலையை, அதாவது ஒளியை நிறவாரியாகப் பிரித்துப் பெறும் பதிவை, ஆராய்ந்து 1972இல் வெளியிட்ட கட்டுரையில், இங்குள்ள வளிமத்தில் ஆக்சிஜனும் நியானும் மிகக் குறைவாக இருக்க, ஹீலியம் மட்டும் வழக்கமான அளவில் இருப்பதைக் காட்டினர். ஹைட்ரஜனும் பெரும்பகுதி ஹீலியமும் பெருவெடிப்பின்போது உருவானவை. ஆக்சிஜன் போன்ற கனமான தனிமங்கள் விண்மீன்களின் உட்பகுதியில் உருவாகி, அவை வெடிக்கும்போது வெளியே சிதறுபவை. ஆகவே ஆக்சிஜன் குறைந்த மண்டலம் ஒன்றில், இப்போது பிறப்பவையே முதல் விண்மீன் தலைமுறையாக இருக்கலாம், அல்லது நெடுங்காலம் ஓய்ந்திருந்து அவ்வப்போது மட்டும் விண்மீன்கள் பிறந்திருக்கலாம் என்னும் இரு விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. பின்வந்த அளவீடுகளின்படி, இதன் ஆக்சிஜன் செறிவு சூரியனில் உள்ளதில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு.

பெருவெடிப்பில் உருவான ஹீலியத்தின் அளவைக் கணிக்கவும் இம்மண்டலம் பயன்பட்டது. பல மண்டலங்களின் ஹீலிய அளவை அவற்றின் ஆக்சிஜன் அளவோடு ஒப்பிட்டு, ஆக்சிஜன் அறவே இல்லாத நிலையில் ஹீலியம் எவ்வளவு இருந்திருக்கும் எனக் கணிப்பதே முறை என்பதால், ஆக்சிஜன் மிகக் குறைந்த மண்டலத்தின் அளவீட்டுக்குத் தனி எடை உண்டு. ஆனால் இது எளிய வழிகாட்டியாக அமையவில்லை. இம்மண்டலம் நொடிக்கு ஏறத்தாழ 750 கி.மீ. வேகத்தில் விலகிச் செல்வதால், நிறமாலையில் ஹீலியத்தின் மஞ்சள் கோடு இடம்பெயர்ந்து, நமது பால்வெளியிலுள்ள சோடியம் ஒளியை உறிஞ்சும் இடத்திலேயே வந்து விழுகிறது. அதனால் ஹீலியம் உண்மையைவிடக் குறைவாகத் தெரிந்து ஆய்வாளர்களை அலைக்கழித்தது.

வயது பற்றிய சர்ச்சையைத் தீர்க்க ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி தேவைப்பட்டது. 100 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட விண்மீன் கூட்டத்தில் சிவப்புப் பெருவிண்மீன்கள், அதாவது முதுமையில் உப்பிக் குளிர்ந்த விண்மீன்கள், இருந்தாக வேண்டும். 2004இல் இசோதோவ், துவான் ஆகியோர் ஹப்பிள் படங்களில் அவை தென்படவில்லை எனக் கூறி, இம்மண்டலத்தின் வயது 50 கோடி ஆண்டுகளுக்கு மேற்படாது என முடிவு செய்தனர். அண்மைக்கால அண்டத்தில் இப்போதுதான் பிறந்த மண்டலம் ஒன்று உண்டென்ற செய்தி பரவலான கவனம் பெற்றது. எனினும் அலெஸாண்ட்ரா அலோய்சி தலைமையிலான குழு, ஹப்பிளின் ஆழமான பதிவுகளில் மங்கலான சிவப்புப் பெருவிண்மீன்களை 2007இல் கண்டறிந்தது. ஒளி சீராகக் கூடிக் குறையும் செபெய்டு வகை விண்மீன்களையும் கொண்டு கணித்தபோது, மண்டலம் முன்பு கருதியதைவிடத் தொலைவில் இருப்பது தெரியவந்தது; முதிய விண்மீன்கள் மறைந்திருந்ததற்கு இத்தொலைவே காரணம். விண்மீன் பிறப்பு இங்கு குறைந்தது 100 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே, ஒருவேளை 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே, தொடங்கிவிட்டது. தனிமக் குறைவை இளமைக்குச் சான்றாகக் கொண்ட வாதம் இதனால் வலுவிழந்தது.

ஆக்சிஜன் மிகக் குறைந்த மண்டலம் என்னும் பெயரும் இப்போது இதற்குரியதன்று. 2016இலும் 2018இலும் இதைவிடக் குறைந்த மண்டலங்கள் அறிவிக்கப்பட்டன. ஆயினும் தனித்தனி விண்மீன்களைப் பிரித்துக் காணும் அளவுக்கு அருகிலும், தொடக்ககால அண்டத்தின் மண்டலங்களோடு ஒப்பிடும் அளவுக்குத் தனிமம் குறைந்ததாகவும் இருப்பதால், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இதனை அகச்சிவப்பு ஒளியில் ஆராய்ந்தது. இதிலுள்ள தூசு சூழ்ந்த விண்மீன்களைப் பற்றிய முதல் முடிவுகள் 2024இல் வெளியாயின.