அல்ஃபில்

சதுரங்கப் பலகையில் குறுக்காக ஓடும் காயை ஸ்பெயின்காரர்கள் ‘அல்ஃபில்’ என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் ஒரு யானை ஒளிந்திருக்கிறது. பாரசீகத்தில் ‘பீல்’ என்றால் யானை. அரபியில் ப ஒலி இல்லை. ஆகவே ‘ஃபீல்’ ஆகி, ‘அல்’ என்ற முன்னொட்டோடு ஐரோப்பா போய்ச் சேர்ந்தது.

உருவம் செதுக்காத அரபுக் காய்களில் யானைக்கு மிஞ்சியவை, தந்தங்களைக் குறிக்கும் இரு முனைகள்தான். அவற்றில் ஐரோப்பியர் ஆயரின், அதாவது பிஷப்பின், தொப்பியைக் கண்டார்களோ என்னவோ! 1831-இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் வெளிப்பட்ட 12-ஆம் நூற்றாண்டுக் காய்களில் ஆயர்களே இருக்கிறார்கள். பெரும்பாலும் வால்ரஸ் தந்தம். யானை போனாலும் தந்தம் விடவில்லை.

பிரெஞ்சுக்காரருக்கு அந்தக் காய் கோமாளி, இத்தாலியருக்குக் கொடி தாங்கி. ரஷ்யர் இன்றும் ‘ஸ்லோன்’, அதாவது யானை என்றே அழைக்கிறார்கள். நம்மூரில் யானை மூலைக் கட்டத்துக்குப் போய்விட, அந்த இடத்தில் மந்திரி நிற்கிறார்.