பிடியரிசி யார் கணக்கில்?

தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்குப் பிடியரிசி என்றால் விளக்க வேண்டியதில்லை. உலை வைக்கும்போது, அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். சேர்ந்ததும் அது கோயிலுக்குப் போகும். அரிசியாகவோ விற்ற காசாகவோ இல்லாதவர்களுக்கும் கோயில் செலவுக்கும் பயன்படும். கணவன் கைப்பணத்தைத் தொடாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு பெண் கொடுக்க முடிந்த நன்கொடை இது. அந்த ஒரு பிடி யாருடைய தட்டில் குறைந்திருக்கும் என்பதையும் நாம் அறிவோம். வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருபவள் தட்டில்தான். கேழ்வரகுக் களியும் சாமையுமே அன்றாட உணவாக இருந்த தருமபுரிச் சீமையில், அரிசிச் சோறு விசேஷ நாளுக்கானது. அங்கே ஒரு பிடி அரிசியின் எடை வேறு.

தருமபுரிப் பகுதியின் கத்தோலிக்க அறப்பணி வரலாறு பொதுவாக ஆயர்களின் பெயர்களோடு தொடங்கும். 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவானது. முதல் ஆயர் புரூனியே. 1997இல் அதிலிருந்து தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தது. முதல் ஆயர் ஜோசப் அந்தோணி இருதயராஜ். கோவிலூர், பி.பள்ளிப்பட்டி போன்ற ஊர்களின் கதையும் இப்படித்தான் குருக்களின் வரிசையாகச் சொல்லப்படுகிறது. கஞ்சி காய்ச்சியவர், புண்ணைக் கழுவியவர், வீடுவீடாக நடந்தவர் எல்லோரும் சேர்ந்து ‘கன்னியரும் உதவினர்’ என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

அந்த வரிக்குள் இருப்பவர்களைத் தேடினால் புதுச்சேரிக்குப் போக வேண்டும். தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தின் ஒரு தாலுகா. 1965இல்தான் தனி மாவட்டமானது. அந்தச் சேலம் மாவட்டத்தின் பெரும்பகுதி புதுச்சேரி மிஷனின் பொறுப்பில் இருந்தது. 1844 ஜனவரியில் ஆயர் பொன்னான் புதுச்சேரியில் கூட்டிய சங்கத்தில் கல்வி முக்கியமான பேச்சாக இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் துப்புயி அடிகளார், பெண்பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதற்காக உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு மாசற்ற இருதய மரியன்னை சபையைத் தொடங்கினார். தேவதாசிகளைத் தவிர வேறு பெண்களுக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது. அந்த நேரத்தில் கல்யாணத்தை மறுத்து, ஏட்டைக் கையிலெடுத்து, அடுத்த வீட்டுப் பெண்ணையும் படிக்கக் கூப்பிட்ட தமிழ்ப் பெண்களை நாம் பெண்கல்வி வரலாற்றில் சேர்ப்பதில்லை. அவர்கள் ‘மதத்தின் ஆட்கள்’ என்று நாமும் ஒதுக்கிவிட்டோம். நிறுவனரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். முதலில் வந்த பெண்களின் பெயர்கள் சபைக்கு வெளியே யாருக்கும் தெரியாது. இதைச் சொல்லும்போது சாதியையும் சொல்ல வேண்டும். சாதி பிரித்து உட்காரவைத்த கோயில்கள் இந்த மிஷனில் இருந்தன. அறப்பணிக்கு வந்த கைகளும் அந்தப் பிரிவினைக்கு வெளியே இருந்துவிடவில்லை.

1876-78 பெரும் பஞ்சம் சேலம் மாவட்டத்தைச் சூறையாடியது. 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19.6 லட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881இல் 16 லட்சத்துக்கு இறங்கியது. மிஷன் வாசல்களில் அநாதைக் குழந்தைகள் குவிந்தார்கள், ஞானஸ்நானக் கணக்கும் ஏறியது. அந்தக் கணக்கைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். மதமாற்றச் சர்ச்சைக்கு அது தீனி. அநாதை இல்லத்துக்குள் நடந்த வேலையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. இத்தகைய இல்லங்களில் பெண்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் எழுத்தும் நிறையத் தையலும் சொல்லிக்கொடுத்து, வயது வந்ததும் கிறித்தவ மாப்பிள்ளை பார்த்துக் கட்டிவைத்தார்கள். உயிரைக் காப்பாற்றிய கைதான் அவள் வாழ்க்கைக்கு வேலியும் போட்டது.

இன்று பங்குகளில் ஏழைகளைத் தேடிப்போகும் தன்னார்வலர் குழு என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது வின்சென்ட் தே பவுல் சபை. 1833இல் பாரிசில் பிரெடரிக் ஓசானாம் என்ற மாணவரும் அவர் நண்பர்களும் தொடங்கியது. இருவர் இருவராக வீடு சந்திப்பது, கூட்டத்தில் யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாதபடி பையைச் சுற்றுக்கு விடுவது என்று அதன் நடைமுறை எளிமையானது, கண்ணியமானதும்கூட. ஆனால் ஏழை வீட்டுக்குள் எப்படி நுழைவது, என்ன கேட்பது, என்ன கேட்கக்கூடாது என்பதை அந்த மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ரோசலி ரெண்டு என்ற கன்னியர். பாரிசின் மூஃப்தார் சேரியில் அரை நூற்றாண்டு வேலை செய்தவர். அவர் கற்றுக்கொடுத்த சபையில் பெண்களுக்கு இடமில்லை. 1856இல் இத்தாலியின் பொலோஞாவில் பெண்கள் தனிச்சபை அமைத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒன்றானது 1967இல்தான். நம் ஊர்ப் பங்குகளில் அன்பியக் கூட்டங்களை நடத்துவதும், நோயாளிகளைப் பார்க்கப் போவதும், காசு சேர்ப்பதும் பெரும்பாலும் பெண்கள். திருவிழா அழைப்பிதழில் அச்சாகும் பெயர்களை மட்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

தருமபுரியில் அறப்பணி சந்தித்த கடினமான கேள்வி பெண் சிசு. 1992இல் ஜெயலலிதா அரசு சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. 2001 கணக்கெடுப்பில் இங்கே ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 900க்கும் குறைவு. 2011இல் அது 900ஐத் தாண்டியது. ஒரு குழந்தை செத்துப்போவதைவிடத் தொட்டிலில் கிடப்பது மேல்தான், அதில் வாதமில்லை. ஆனால் தொட்டில் கேட்டது குழந்தையை மட்டும். வரதட்சணை கேட்ட வீட்டை, நிலத்தில் பங்கு தராத தகப்பனை அது கேட்கவில்லை. வழக்கு வந்தபோது கைதானவர்கள் பெரும்பாலும் தாய்மார்களும் பாட்டிமார்களும். 1990களின் இறுதியில் தருமபுரிக் கிராமங்களில் நடந்த கலைப்பயணம் அந்தக் கேள்விகளைத் தெருக்கூட்டத்தில் எழுப்பியது. அதனால்தான் தொட்டிலைவிட அதன்மீது எனக்கு மதிப்பு அதிகம்.

இங்கேதான் திருச்சபையோடு நமக்கு உரசலும். கருக்கலைப்பு எல்லாமே பாவம் என்கிறது திருச்சபை. பெண்ணியக்கங்கள் எதிர்த்தது, பெண் என்று பார்த்துக் கலைப்பதை. ஒரே மேடையில் நின்றாலும் இரண்டும் வேறு. 2015இல் தனித்து வாழ்பவர்களும் தத்தெடுக்க மத்திய அரசின் புதிய விதிகள் வழிசெய்தபோது, அன்னை தெரசாவின் சபை தத்துக் கொடுக்கும் பணியையே கைவிட்டது. குழந்தைக்கு வீடு வேண்டும், ஆனால் கணவனில்லாதவள் வீடு வேண்டாம் என்பது அதன் பொருள்.

அப்படியானால் கன்னியர் அதிகாரத்தின் பக்கம்தானா? அவ்வளவு எளிதில் சொல்லிவிட முடியாது. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரி. இப்படிப்பட்ட மாவட்டத்தில் பள்ளி நடத்தும் கன்னியரின் உழைப்பைக் கொச்சைப்படுத்த எனக்கு மனம் வராது. அந்த உழைப்பு யார் கணக்கில் ஏறுகிறது என்பதுதான் என் கேள்வி. அரசு உதவிபெறும் பள்ளியில் பாடம் நடத்தும் கன்னியரின் சம்பளம், வறுமை வார்த்தைப்பாட்டின்படி அவருக்கல்ல, சபைக்குச் சேரும். அந்தச் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா என்று தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வழக்குகள் போயின. துறவறம் ஏற்றவர் சட்டத்தின் கண்ணில் இறந்தவருக்குச் சமம், ஆகவே அந்த வருமானம் அவருடையதல்ல என்று வாதிடப்பட்டது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளியது. ஆகவே சம்பளம் அவர் பெயரில்தான், வரியும் அவர் பெயரில்தான். பணம் மட்டும் இன்றும் சபையின் கணக்குக்குப் போகிறது.