ஏழிலைப்பாலை நிழலில் ஒரு பள்ளி

கல்கத்தாவுக்கு வடமேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் போல்பூர் என்னும் ஊர் உள்ளது. அதை அடுத்த செம்மண் வெளியில் நின்ற இரண்டு மரங்களின் அடியில் இளைப்பாறிய தேவேந்திரநாத் தாகூர், அவ்விடத்தின் அமைதியில் மனம் தோய்ந்து, 1863-ஆம் ஆண்டில் அந்நிலத்தைக் குத்தகையாகப் பெற்றார். அதுவே சாந்திநிகேதனம். வங்காளிகள் 'சாத்திம்' என்று வழங்கும் அம்மரம் நம் ஏழிலைப்பாலையே ஆகும்.

அங்கே 1901 டிசம்பர் 22-ஆம் நாள் அவருடைய புதல்வர் ரவீந்திரநாதர் ஐந்து மாணாக்கரைக் கொண்டு ஒரு பள்ளியைத் தொடங்கினார். இளமையில் பல பள்ளிகளில் சேர்க்கப்பட்டும் ஒன்றிலும் நிலைத்திராதவர் அவர். சுவர்களுக்குள் அடைபட்ட பிள்ளையின் மனம் வாடும் வகையை அவர் பட்டறிந்திருந்தார். பள்ளிச் செலவுக்குப் பொருள் போதாமல் துணைவியாரின் நகைகளும் விற்கப்பட்டன.

மாணாக்கர் தத்தம் இருக்கையை எடுத்துச் சென்று மரத்தடியில் விரித்து அமர்ந்தனர். காற்றும் நிழலும் பெறுவதற்கான ஏற்பாடு என்று மட்டும் இதனைக் கொள்வோமாயின் அதன் உட்பொருளை இழந்தவராவோம். மழையின் வரவும் இலையின் உதிர்வும் அங்கே பாடங்களாயின. ஜகதானந்த ராய் என்னும் ஆசிரியர் பூச்சிகளையும் விண்மீன்களையும் பற்றித் தாய்மொழியில் சிறுவர்க்கு நூல்கள் எழுதினார். 1928-இல் மரம் நடுவதையே ஒரு விழாவாக்கினார் ரவீந்திரநாதர்.

இத்தகைய கல்வி பிழைப்புக்கு உதவுமோ என்று பெற்றோர் ஐயுறுதல் இயல்பே. 1998-இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற அமர்த்தியா சென் இப்பள்ளியில் பயின்றவர் என்பதை அவர்கள் நினைவிற் கொள்ளலாம். 1921-இல் இங்கே எழுந்த விசுவபாரதி, 1951-இல் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. 2023-இல் சாந்திநிகேதனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. மரத்தடி வகுப்புகள் இன்றும் நடைபெறுகின்றன. பட்டமளிப்பு விழாவில் ஏழிலைப்பாலையின் இலைக்கொத்து வழங்கப்படுகிறது.

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு இவ்வரலாறு ஒன்றை உணர்த்துகிறது. நம் குழந்தைகள் சொந்த ஊரின் மரங்களைக் கண்டு வளரவில்லை. குடியேறிய ஊரின் மரங்களையோ பெயர் சொல்லி அறியவில்லை. இரு மண்ணுக்கும் அயலாராக அவர்கள் வளர்ந்துவிடலாகாது. டில்லியின் சாலையோரங்களிலும் ஏழிலைப்பாலை ஐப்பசி இரவுகளில் மணம் வீசுகிறது. அதன் அடியில் ஒரு மாலை நம் பிள்ளைகளை நிறுத்தி, தமிழில் ஒரு பெயரும் அவ்வூர் மொழியில் ஒரு பெயரும் சொல்லிக் கொடுப்போம். பள்ளி செய்யத் தவறியதை அம்மட்டிலேனும் நாம் செய்யலாம்.